ஒரு தட்டு என்றால் ஆமாம்

செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் நோயியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும்போது வெட்டி எடுத்த சதைத் துண்டுகள், மெழுகுக் கட்டியில் பதிந்து என் மேசைக்கு வரும். அவற்றைக் கருவியில் பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிய ஏடுகளாகச் சீவுவேன். ஏட்டை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் துண்டில் ஏந்திக்கொள்வேன். பிறகு அந்தக் கண்ணாடிகளைப் பிரஷர் குக்கரில் வேகவைப்போம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வீட்டில் பருப்பு வேகும் அதே மாதிரிக் குக்கர்தான், விசில் சத்தமும் அதேதான். அப்படி அவிந்த பிறகுதான் சதைக்குள் மடங்கிக் கிடக்கும், நாங்கள் தேடும் புரதம் சாய மருந்துக்கு அகப்படும். அந்தப் புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும். இல்லாத இடம் நீலமாக நிற்கும்.

பழுப்பு எவ்வளவு என்று பார்த்து, சுழியிலிருந்து மூன்று வரை மதிப்பெண் போடுவோம். பழுப்பு அதிகமுள்ளவர்களுக்கு நோய் திரும்ப வருகிறதா, அவர்கள் எத்தனை நாள் இருக்கிறார்கள், இந்த ஒரு நிறத்தை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. அதை நடத்தியவர் எங்கள் மேடம். என்னைவிடப் பத்து வயது மூத்த மருத்துவர். மதிப்பெண்ணை அவர் தனியாகப் போடுவார், நான் தனியாகப் போடுவேன், பிறகு ஒப்பிடுவோம்.

கண்ணாடியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மேடத்தின் கணினியில் இருந்தது. என்னிடம் இன்னொரு பட்டியல் உண்டு. அதில் பெயரும் போன் நம்பரும் இருக்கும், மதிப்பெண் இருக்காது. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டியதும் என் வேலை. காலையில் பெயரில்லாத சதையைப் பார்ப்பேன். மத்தியானம் அதே ஆட்களின் குரலைக் கேட்பேன். எது எவருடையது என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

ஒரே ஒரு எண் மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது.

படாளத்தில் இருக்கும் என் அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறவன். பல வருஷம் மாவா என்ற புகையிலைப் பாக்கு போட்டவன். இடது கன்னத்தின் உட்பக்கம் புண் வந்து, எங்கள் மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை செய்தோம். காப்பீட்டுக்காக அவன் பரிசோதனை அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான், அதனால் அதிலிருந்த எண் எனக்கு மனப்பாடம். சில மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அதே எண் ஓரத்தில் எழுதிய மெழுகுக் கட்டி என் தட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

மேடத்திடம் சொல்லி வேறு யாரையாவது சீவச் சொல்லியிருக்கலாம். அதுதான் முறை. நான் சொல்லவில்லை. நானே சீவினேன், நானே வேகவைத்தேன், நானே மருந்து விட்டேன். அவன் கன்னத்துத் துண்டு வெந்நீரில் மிதந்தபோது ஊதினால் கலைந்துவிடும் போல இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏந்தினேன். மாலையில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். நீலத்தைத் தேட வேண்டியிருந்தது. அத்தனையும் பழுப்பு.

மூன்று என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து மேடமும் மூன்று என்று எழுதியிருந்தார்.

இந்த மதிப்பெண்ணை நோயாளியிடம் சொல்லக் கூடாது. ஆராய்ச்சி முடியாத விஷயம், அதை வைத்து மருத்துவத்தில் எதையும் மாற்றப் போவதில்லை, சொன்னால் பயம் மட்டும்தான் மிஞ்சும். எல்லாம் நியாயமான காரணங்கள். நானே எத்தனையோ பேருக்கு அதை விளக்கியிருக்கிறேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் படாளம் போய் இறங்கியபோது அண்ணன் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். "இன்னா இந்த நேரத்துல வந்துகீறே?" என்றான். சும்மா வந்தேன் என்றேன். ஈரக் கையோடு அவன் சிரித்தான். அறுவைக்குப் பிறகு வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும், அதனால் பாதிச் சிரிப்புதான். அந்தப் பாதிச் சிரிப்புக்குப் பின்னால் பழுப்பாக இருப்பது எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அவன் முகத்தை எப்போது பார்த்தாலும் அதுதான் தெரிந்தது.

என் போன் பட்டியலில் கடப்பாக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். படகுகளின் மோட்டாரைப் பழுது பார்க்கிறவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சு விட, கழுத்தில் ஒரு துளை. அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். ஆராய்ச்சிக்குச் சம்மதக் கையெழுத்து வாங்க வார்டுக்குப் போனபோது அவரை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வோம் என்றதும் நோட்டை எடுத்து, "பேச முடியாதவனுக்கு போன் எதுக்கு?" என்று எழுதிக் காட்டினார். அவருடைய மனைவி பக்கத்தில் இருந்தாள். "நீ பண்ணும்மா, நான் எடுக்கிறேன்" என்றாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். கட்டில் கம்பியை விரலால் ஒருமுறை தட்டினார், நோட்டில் 'ஆமாம்' என்று எழுதினார். இரண்டு முறை தட்டினார், 'இல்லை' என்று எழுதினார். அப்படித்தான் எங்கள் பேச்சு ஏற்பட்டது.

முதலில் அவள் எடுப்பாள். "அண்ணா சாப்டாராக்கா?" என்று கேட்பேன். "இரு, குடுக்குறேன்" என்பாள். பிறகு மூச்சுக் காற்றின் சீறல் கேட்கும். நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன். சோறு இறங்குதா அண்ணா? டொக். வலி இருக்கா? டொக் டொக். கழுத்துல கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்படுதா? டொக் டொக். பின்னால் எப்போதும் ஏதாவது ஒரு மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும். சில சமயம் நான் கேள்வியை முடிப்பதற்குள் அவர் கவனம் மோட்டார் பக்கம் போய்விடும். மனைவியின் குரல் அதட்டும்: "அந்தப் பொண்ணு கேக்குது இல்ல, தட்டு." டொக்.

என் பட்டியலில் இருந்தவர்களில் பலருடைய குரல் வருஷத்துக்கு வருஷம் மாறியது. சிலருடைய போனை மகன் எடுத்தான், மருமகள் எடுத்தாள். "அவரு போய்ட்டாரும்மா" என்பார்கள். தேதி கேட்டு எழுதிக்கொள்வேன். கடப்பாக்கத்தில் மட்டும் தட்டுச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது வருஷத்தில் மேடம் இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பார்த்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒருவருக்கு நோய் திரும்பினாலோ அவர் இறந்தாலோ ஒரு படி இறங்கும் கோடு அது. மூன்று மதிப்பெண் வாங்கியவர்களுக்கு அது மாடிப்படி மாதிரி வேகமாக இறங்கியது. கீழே ஓரிடத்தில் மட்டும் இறங்காமல் நேராக நீண்டது.

"மத்தவங்க எல்லாருக்கும் நோய் திரும்பிடுச்சு. அப்படி இல்லாதவங்க பின்னால சேர்ந்தவங்க, அவங்களப் பத்தி இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது. இவர் ஒருத்தர்தான் இவ்வளவு நாள் தாண்டியிருக்கார்" என்றார். "ஏன்னு தெரியணும். ரத்தத்துல வேற ஏதாவது புரதம் இவரக் காப்பாத்துதான்னு பாக்கணும். சாம்பிள் வேணும். வரச் சொல்லு."

பெயரைப் பார்த்தேன். கடப்பாக்கத்துக்காரர்.

அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவருக்காக நான் சந்தோஷப்படவில்லை. மூன்று வாங்கிய ஒருவர் இருக்கிறார், இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் இன்னொருவனும் இருக்கலாம். அப்படித்தான் நினைத்தேன். 'பின்னால சேர்ந்தவங்க' என்று மேடம் சொன்ன கும்பலில் என் அண்ணன் இருந்தான்.

போன் செய்தேன். அவள் எடுத்தாள். ரத்தம் எடுக்க வேண்டும், ஒருநாள் அழைத்து வாருங்கள் என்றேன். "அவரு ஊருக்குப் போய்கீறாரும்மா, பாண்டி பக்கம், மோட்டார் வேலை" என்றாள். அடுத்த வாரம் கூப்பிட்டேன். இன்னும் வரவில்லை என்றாள். மூன்றாவது முறை எடுக்கவே இல்லை. மேடம் அவசரப்பட்டார். நானே போய் ரத்தம் எடுத்து வருகிறேன் என்று, ஊசியையும் ஐஸ் பெட்டியையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பங்குனி வெயில். மதுராந்தகத்தில் பஸ் மாறி, செய்யூர் வழியாகக் கடப்பாக்கம் போய்ச் சேரும்போது மணி பதினொன்று இருக்கும். மோட்டார் ரிப்பேர் செய்கிறவர் வீடு எது என்று டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவரு வூடா?" என்று இழுத்துவிட்டுக் கையைக் காட்டினார். வேறெதுவும் சொல்லவில்லை.

வாசலில் அவருடைய மனைவி மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "யாரும்மா?" என்றாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வரேன்க்கா. போன் பண்ணுவேனே."

கூடை அவள் கையிலேயே இருந்தது. "நீயே வந்துட்டியா" என்றாள். வாசலை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விலகி வழி விட்டாள்.

உள்ளே சுவரில் அவர் இருந்தார். சட்டம் போட்ட படம். நோய்க்கு முன்னால் எடுத்தது போலிருக்கிறது. துணி இல்லாத, துளை இல்லாத கழுத்து. பிளாஸ்டிக் மாலை. கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு உடனே புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்துக்கொண்டே, தை மாதம் நான் கேட்ட கேள்விகளையும் காதில் விழுந்த தட்டுகளையும் நினைத்துக்கொண்டேன்.

"எப்பக்கா?"

"போன ஆனி."

ஆடியில் பேசியிருக்கிறேன். ஐப்பசியில் பேசியிருக்கிறேன். தையில் பேசியிருக்கிறேன். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் "இரு, குடுக்குறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அப்புறம் தட்டுச் சத்தம் வந்திருக்கிறது. அந்த மூன்று தடவையும் பின்னால் மோட்டார் சத்தம் இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. நான் அதை ஓய்வு நாள் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப போன்ல தட்டினது?"

"நாந்தான்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் வந்தது கோபம்தான். "ஏன்க்கா இப்டி பண்ணீங்க? நான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். அவரு நல்லா இருக்காருன்னு எழுதி வச்சிருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சொல்லிடலாம்னுதான் போனை எடுத்தேன். கருமாதி முடிஞ்சி நாலாம் நாளு அது. நீ எடுத்தவுடனே, அண்ணா சாப்டாராக்கான்னு கேட்டே. அது வரிக்கும் வந்தவங்கோ எல்லாம் எப்டி போனாரு, எப்டி போனாருன்னுதான் கேட்டுகினு இருந்தாங்கோ. அதையே சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டுபூட்சி. நீ ஒருத்தி சாப்டாரான்னு கேக்குறே. எனக்கு வாயி வர்ல. இரு, குடுக்குறேன்னுட்டேன்."

நான் உட்கார்ந்தேன்.

"அப்பால போனை அப்டியே கையில வச்சிகினு நிக்கிறேன். நீ அந்தாண்ட அண்ணா, அண்ணான்னு கூப்புட்டுகினே கீறே. சோறு எறங்குதான்னு கேட்டே. எனக்கு எறங்கல. ரெண்டு தட்டு தட்டுனேன். வலி கீதான்னு கேட்டே. கீது. ஒரு தட்டு. தூக்கம் வருதான்னு கேட்டே. வர்ல. ரெண்டு தட்டு." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நான் பொய் சொன்னேன்னு நெனச்சிக்காத. அத்தினியும் மெய்தான். என்னுது."

ஆடி மாதக் குறிப்பு எனக்கு ஞாபகம் இருந்தது. சோறு இறங்கவில்லை, வலி இருக்கிறது, தூக்கமில்லை, எடை குறைந்திருக்கிறது. அதைக் கேட்டுப் பதறி நான் ஏதேதோ சொன்னேன். கெட்டியாக வேண்டாம் அண்ணா, கஞ்சி காய்ச்சிக் கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, ராத்திரி பால் குடிங்க என்று. ஐப்பசியில் 'பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறேன். தையில் 'சாப்பிடுகிறார், தூங்குகிறார்' என்று எழுதியிருக்கிறேன்.

"கஞ்சி காச்சிக் குடின்னு சொன்னே இல்ல. குடிச்சேன்" என்றாள். "நீ எப்ப பண்ணுவேன்னு பாத்துகினு இருப்பேன். நான் சொல்லிட்டேன்னா நீ அவரு பேர அடிச்சிடுவே. அப்பால யாரு கேக்கப் போறா அவர?"

சித்திரை மாதத்தைப் பற்றிக் கேட்டேன். இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் பேசியது. அதையாவது அவர்தான் தட்டினாரா?

"அது அவருதான்."

"கழுத்துல கட்டி இல்லைன்னு தட்டினாரே?"

அவள் முகம் மாறியது. "இருந்திச்சி. எலுமிச்சம்பழம் அளவுக்கு. அவரு தட்டும்போது நான் பக்கத்துல நின்னு அவர் கையப் புடிக்கிறேன், தட்டாத, உண்மையச் சொல்லுன்னு. என் கையைத் தள்ளிட்டு ரெண்டு தட்டு தட்டுனாரு. நோட்டுல எழுதிக் காட்டுனாரு, இன்னொரு வாட்டி அறுக்க வாணாம்னு." படத்தைப் பார்த்தாள். "பொய் சொன்னது அவருதாம்மா."

எல்லா விஷயமும் தெரிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. படிவத்தில் தேதி எழுத ஒரு கட்டம் உண்டு. படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவளே புரிந்துகொண்டு உள்ளே போய், கருமாதிக்கு அடித்த பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்த்து எழுதினேன்.

"பேர அடிச்சிருவியா?" என்றாள்.

"அடிக்க மாட்டேன்க்கா. தேதி எழுதிப்பேன். பேரு அப்படியே இருக்கும்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்ததா என்று தெரியவில்லை. பஸ் ஏறும் வரை கூடவே வந்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் புதுச்சேரிப் பக்கம் பறந்துகொண்டிருந்தன. நிழலில்லாத இடத்தில் இருவரும் நின்றோம். பஸ் வந்ததும் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. யாருக்காக அழுகிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில், அதே மாலையோடு, அண்ணன் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலியான ஐஸ் பெட்டி மடியில் கிடந்தது.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "தேதி?" என்றார். கொடுத்தேன். திரையில் அதைப் பதித்தார். நேராக நீண்டிருந்த கோடு ஒரு படி இறங்கி மற்றதோடு சேர்ந்துகொண்டது. மாடிப்படி இப்போது முழுசாக, அழகாக இருந்தது.

"இப்ப சுத்தமா இருக்கு" என்றார். சொன்ன உடனேயே வாயை மூடிக்கொண்டார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போதுதான் அண்ணன் விஷயத்தையும் சொன்னேன். அவன் மெழுகுக் கட்டியை நானே சீவியது, நானே மதிப்பெண் போட்டது, இரண்டு வருஷமாக மறைத்தது எல்லாவற்றையும். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். மேடம் திட்டினார். நியாயமாகத் திட்டினார். அண்ணனுடைய கண்ணாடித் துண்டை வேறொரு மருத்துவருக்கு அனுப்பி, எதுவும் சொல்லாமல் மதிப்பெண் போடச் சொன்னார். அவரும் மூன்று என்றுதான் எழுதினார். போன் செய்யும் வேலையை என்னிடமிருந்து எடுத்து இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தார். கடைசியில் ஒன்று சொன்னார். "இந்தக் கோடு கூட்டத்தைப் பத்திச் சொல்லும். ஒரு ஆளைப் பத்திச் சொல்லாது. உனக்கே தெரியும்."

தெரியும். மற்றவர்களுக்கு அதை எடுத்துச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை படாளம் போனால் அது எனக்கு மறந்துவிடும்.

அங்கே போனதும் நான் வழக்கமாகச் செய்யும் காரியம் ஒன்று இருந்தது. அண்ணனை வெளிச்சத்துக்கு அழைத்து, மொபைல் டார்ச்சை அடித்து, திறக்கும் அளவுக்கு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். அந்த ஞாயிறு எனக்கு டார்ச்சை எடுக்கத் தெம்பில்லை. அண்ணன் கவனித்துவிட்டான்.

"இன்னா, இன்னிக்கி செக்கிங் கெடையாதா?"

சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்ற விதி, அதன் காரணங்கள், எல்லாம் தெரிந்தும் சொன்னேன். கடப்பாக்கத்தைச் சொன்னேன். பழுப்பைச் சொன்னேன். மூன்று என்ற எண்ணைச் சொன்னேன். அவன் வண்டியின் பின்பலகையில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"எவ்ளோ நாளா தெரியும் உனக்கு?"

"ரெண்டு வருஷமா."

அவன் தலையை ஆட்டினான். "அதான். சின்ன வயசுலேர்ந்து என்கிட்ட சண்ட போடாம ஒரு வாரம் இருந்துகீறியா நீ? ஆஸ்பத்திரி கட்டில்ல கெடந்தப்போ கூட கத்திகினுதான் இருந்தே. திடீர்னு நிறுத்திட்டே. நான் இன்னா சொன்னாலும் சரிண்ணா, சரிண்ணா. பொணத்துக்கிட்ட பேசற மாதிரி பேசுனே." கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்தான். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகு எச்சில் ஊறாது அவனுக்கு, பேச்சுக்கு நடுவில் தண்ணீர் வேண்டும். "நீ வந்துட்டுப் போனப்பால கண்ணாடியாண்ட போய் நின்னு என் மூஞ்சியப் பாப்பேன். இவ இன்னாத்தப் பாத்தா, எதுனா தெரியுதான்னு. பயமா இருக்கும். யார்கிட்ட சொல்ல?"

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பேசாத அந்த மாதத்தில் அவன் வேறொரு காரியம் செய்துகொண்டிருந்தான். அண்ணிதான் போனில் சொன்னாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்த்து, பரிசம் போடுகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான். பெண்ணைக் கேட்கவில்லை. அவளுக்கு இதில் இஷ்டமும் இல்லை, அழுதுகொண்டே இருக்கிறாள் என்றாள் அண்ணி. "ஏன் இப்டி பறக்குறாருன்னே தெர்ல" என்றாள். எனக்குத் தெரியும்.

அன்றைக்கே லீவு போட்டுவிட்டுப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் பார்க்கவில்லை நான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், "யாரக் கேட்டு இதப் பண்றே நீ?" என்று கத்தினேன்.

"எம் பொண்ணு, நான் பண்றேன்."

"அது படிக்கிது. முடிக்கட்டும்."

"அது வரிக்கும் நான் இருக்க வாணாமா?"

"நீ சாவப் போறேன்னு எவன் சொன்னான் உன்கிட்ட?"

"எவனும் சொல்லல. நீதான் சொன்னே!"

வந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். அண்ணி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது. அந்தக் கணம் தெரிந்தது. அவள் முகத்தில் அது இறங்கியதை நான் பார்த்தேன், அதற்கு நான்தான் பொறுப்பு. ஆனாலும் நிறுத்தவில்லை. அன்று எனக்கு நிறுத்த வரவில்லை. இரண்டு வருஷமாகப் போடாத சண்டையெல்லாம் அன்று வந்தது. தப்பாச் சொன்னேன் என்றேன், சொல்லியிருக்கக் கூடாது என்றேன், முட்டாள் என்று அவனைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். அவனும் விடவில்லை. பாதி வாயால் கத்தினான். நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்துவான், குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பான். மாப்பிள்ளை வீட்டார் எப்போது எழுந்து போனார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பரிசம் நின்றுபோனது. அண்ணி என்னோடு சரியாகப் பேசுவதற்கு வெகு நாள் ஆயிற்று. இப்போதும் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் என் முகத்தை உற்றுப் பார்க்கிறாள், நான் வேறெதையோ மறைக்கிறேனா என்று.

அண்ணன் மகள் இப்போது கடைசி வருஷம். அண்ணன் வண்டி ஓட்டுகிறான். போன மாதம் பரிசோதனைக்கு வந்தபோது நான் என் அறையை விட்டு வெளியே வரவில்லை, வரக் கூடாது என்று அவனே சொல்லியிருந்தான். முடிந்ததும் கதவைத் தள்ளித் தலையை நீட்டினான். மெழுகுக் கட்டிகளையும் குக்கரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "இதுல எது என்னுது?" என்றான். உள்ளே அலமாரியில் இருக்கு என்றேன். காட்டவா என்று நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. வெளியே வெயில் கொளுத்துது, பஸ்ஸுல போவாத, வேல முடிச்சிட்டு வா, வண்டியாண்டதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.